நாற்றுப் பையில் நீர்க்களி

நெகிரி செம்பிலானில் தண்ணீருக்குத் தட்டுப்பாடா என்று வியப்பவர் உண்டு. ஆயினும் மலேசியத் தீபகற்பத்திலேயே மழை மிகக் குறைந்த பகுதி இம்மாநிலத்து ஜெலெபுதான். ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர் மழை அங்குப் பெய்கிறது. இது சென்னையின் மழையைவிட மிகுதியே. எனினும் நாள்தோறும் ஏறத்தாழ 2 லிட்டர் நீர் கேட்கும் செம்பனைக் கன்றுக்கு ஆண்டுக் கணக்கால் என்ன பயன்? 2014 பிப்ரவரியில் மழை பொய்த்தபோது இம்மாநிலத்தில் குடிநீருக்கே நெருக்கடி வந்தது. அத்தகைய வாரங்களில் நாற்றுமேடைக்கு நீர் எங்கிருந்து வரும்?

இதற்கு ஒரு துணையாகச் சொல்லப்படுவது ‘ஹைட்ரோஜெல்’. தமிழில் நீர்க்களி எனலாம். இதன் இயல்பை நம் வீட்டிலேயே காணலாம். சப்ஜா விதையை நீரிலிட்டால் சிறிது நேரத்தில் அதைச் சுற்றி வழுவழுப்பான களி திரண்டுவிடுகிறது. பாதாம் பிசினும் அவ்வாறே ஊறிப் பருக்கும்.

தாவர உடலின் முதற்பொருளாகிய செல்லுலோசு, நெடுஞ்சங்கிலி போன்ற மூலக்கூறு. வேதியியலார் அச்சங்கிலிகளில் மின்னேற்றமுடைய தொகுதிகளைச் சேர்த்து, இடையிடையே முடிச்சிட்டு வலையாக்குவர். நீர் பட்டதும் அத்தொகுதிகள் ஒன்றையொன்று விலக்க, வலை விரிந்து நீரை உட்கொள்ளும். முடிச்சுகள் இருப்பதால் கரைந்துபோகாது. மண் வறளும்போது வேர் அந்நீரைப் பெறும்.

புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ‘பூசா ஹைட்ரோஜெல்’ தன் எடையைப்போல் 350 மடங்கு தூய நீரை ஏற்கும் என்பர். (இது முழுதும் தாவரப் பொருளன்று, செயற்கைப் பலபடியும் இதில் பிணைந்துள்ளது.) நம் அண்டையில், பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோ செம்பனையின் வெறுங்குலையிலிருந்து எடுத்த செல்லுலோசைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில் இத்தகைய களியைச் செய்துள்ளனர். ஆலைக்குச் செல்லும் குலைகளின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வெறுங்குலையாகவே மிஞ்சுவதால் மூலப்பொருளுக்குக் குறைவில்லை.

ஆனால் 350 மடங்கு என்னும் எண்ணைக் கேட்டு மயங்கிவிடலாகாது. கணக்கிட்டுப் பார்ப்போம். பூசா களிக்குச் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ. ஐந்து கிலோவும் முழுமையாக நீரேற்றால் 1,750 லிட்டர். ஹெக்டேர் முழுதும் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 10,000 லிட்டர் நீர் விழும்! ஆகவே பரந்த காட்டில் இதைத் தூவி வறட்சியை வெல்லலாம் என்பது வீண் பேச்சு. முதிர்ந்த மரங்களுக்கு வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்குவதும், வெறுங்குலையை மண்மேல் பரப்புவதும், தழைக்கொடிகளைப் படரவிடுவதுமே ஈரத்தைக் காக்கும் வழிகள். தோட்டத்தார் இவற்றை நன்கறிவர்.

நாற்றுப் பையின் கணக்கு வேறு. ஒரு பையில் 5 கிராம் களி இட்டால், ஏட்டளவில் 1.75 லிட்டர், கன்றின் ஒரு நாள் தேவைக்கு அருகில் வந்துவிடுகிறது. மண்ணின் அழுத்தத்தால் அவ்வளவு பருக்காது. உரம் கரைந்த நீரிலுள்ள உப்புகளும் மின்னேற்றத்தின் விலக்கலைத் தணித்து அதைச் சுருக்கிவிடும். பாதியே கிடைத்தாலும், குழாய் வறண்ட நாளில் அது கன்றைத் தாங்கும்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவருக்குக் காட்டுவது எளிது. சம அளவு களியை இரு குவளைகளில் இட்டு, ஒன்றில் மழைநீரும் மற்றதில் உரம் கரைத்த நீரும் ஊற்றி, ஒரு மணி நேரங்கழித்து வடிகட்டி நிறுத்துப் பார்க்கட்டும்.