வெட்டியும் அழியாத பெயர்

நம் கல்லூரி நூலகத்தில் பண்டைய எகிப்தைப் பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சிலையின் படம் என் கண்ணில் பட்டது. தலையில் மன்னர்க்குரிய தலையணி. மோவாயில் பொருத்திய தாடி. யாரோ ஒரு மன்னர் என்றெண்ணிக் கீழே பார்த்தேன். 'அரசி ஹட்செப்சுட்' என்றிருந்தது! அன்று எழுந்த வியப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஹட்செப்சுட், எகிப்தின் 18ஆம் அரச மரபைச் சேர்ந்தவர். முதலாம் துத்மோசின் மகள். இரண்டாம் துத்மோசின் பட்டத்தரசி. கணவர் மறைந்தபோது, வேறொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் துத்மோஸ் சிறுவனாக இருந்தான். அவனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அரசி, சில ஆண்டுகளில் தாமே 'பாரோ'வாக முடிசூடிக் கொண்டார். அவரது காலம் ஏறத்தாழ கி.மு. 1479 முதல் 1458 வரை எனலாம். மன்னர் என்றால் ஆணே என்று எண்ணிப் பழகிய நாட்டில், ஒரு பெண் தம் உரிமையை எவ்வாறு நிலைநாட்டுவது? அவர் மேற்கொண்ட வழிகளுள் தலையாயது கட்டடக் கலை.

மலையடிவாரக் கோயில்

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, டெய்ர் எல் பஹாரி என்னும் இடம் உள்ளது. அங்கே செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலையின் அடியில் தம் நினைவுக் கோயிலை எழுப்பினார் அரசி. மூன்று அடுக்குத் தளங்கள். நடுவே ஏறிச்செல்லும் சாய்பாதைகள். முகப்பில் தூண் வரிசைகள். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்னர் மெந்துஹோத்தெப் என்னும் மன்னர் கட்டிய அடுக்குக் கோயில் அதன் அருகிலேயே இருந்தது. அவ்வமைப்பைத் தழுவி, அதனினும் விரிந்த ஒன்றைப் படைத்தனர். இப்பணியோடு இணைத்துப் பேசப்படுபவர் செனன்மட் என்னும் உயர் அதிகாரி.

நடுத்தளத்தின் சுவர்களில் வடபுறம், ஆமுன் கடவுளே அரசியின் தந்தை என்று கூறும் பிறப்புக் காட்சிகள். தென்புறம், புண்ட் நாட்டிற்குச் சென்ற கப்பல்களும், வெள்ளைப்போள மரங்களை வேரோடு கூடைகளில் சுமந்துவரும் ஆட்களும். பிறப்பால் வந்த உரிமை, செயலால் வந்த தகுதி ஆகிய இரண்டையும் இச்சுவர்கள் எடுத்துரைக்கின்றன.

ஒரே கல்லில் ஒரு தூண்

ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள கார்னாக் கோயிலில் 'ஒபெலிஸ்க்' எனப்படும் கூர்நுனித் தூண்களை அரசி நிறுவினார். அவற்றுள் இன்றும் நிற்கும் ஒன்றின் உயரம் ஏறத்தாழ 29 மீட்டர். எடை 300 டன்னுக்கும் மேல். அத்தனையும் அஸ்வானில் வெட்டிய ஒரே கல்! இரும்புக் கருவிகள் வழக்கில் இல்லாத காலம் அது. கடினமான உருண்டைக் கற்களால் இடித்து இடித்தே பாறையைக் குடைந்தனர். அவ்வேலை 7 மாதங்களில் முடிந்ததாக அடிப்பீடக் கல்வெட்டு கூறுகிறது. தாம் அமைத்தவற்றைப் பிற்காலத்தார் கண்டு என்ன சொல்வார்களோ என்ற கவலையையும் அரசி அதில் பதித்திருக்கிறார்.

உளியும் சுவரும்

அக்கவலை வீண்போகவில்லை. அரசி மறைந்து சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின், மூன்றாம் துத்மோசின் ஆட்சியின் பிற்பகுதியில், அவர் பெயரும் உருவமும் பல இடங்களில் வெட்டி அகற்றப்பட்டன. சிற்றன்னைமீது கொண்ட பகை என்று முன்னர் எழுதினர். பகையெனில் 20 ஆண்டுகள் காத்திருப்பானேன்? ஆண்வழி வாரிசுரிமையில் ஐயம் எழாதிருக்கவே இவ்வாறு செய்தனர் என்பது இன்று பலரின் கருத்து. பின்னாளில் அபிடோஸ் கோயிலில் பொறிக்கப்பட்ட மன்னர் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

ஆனால் நடந்தது என்ன? கார்னாக் தூணின் கீழ்ப்பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பினர். அச்சுவரே எழுத்துகளுக்குக் காப்பாயிற்று. அரசி கட்டிய செந்நிறக் கல் மண்டபத்தைப் பிரித்து, அதன் கற்களைப் பிற்காலக் கட்டடங்களின் உள்ளே இட்டு நிரப்பினர். அவ்வாறு மறைந்து கிடந்த 300க்கும் மேற்பட்ட கற்களைத் தொல்லியலார் மீட்டு, அம்மண்டபத்தை மீண்டும் அடுக்கி நிறுத்தியுள்ளனர்.

எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய சாம்போலியன் 1829ஆம் ஆண்டில் டெய்ர் எல் பஹாரிக்குச் சென்றார். அங்கே தாடியுடைய மன்னர் உருவத்தின் அருகில் இருந்த சொற்களோ பெண்பால் விகுதி பெற்றிருந்தன. அது அவரைத் திகைக்க வைத்தது. பெயரை வெட்டிய உளி, இலக்கணத்தை விட்டுவிட்டது!

அக்கோயிலின் அருகே உடைத்து எறியப்பட்டிருந்த சிலைகளின் துண்டுகளை, 1920களில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தார் தோண்டியெடுத்து ஒட்டவைத்தனர். நான் நூலில் கண்ட சிலையும் அவ்வாறு மீண்டதே.

நண்பர்களே! மன்னர் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்பவனுக்கு ஹட்செப்சுட் என்றொருவர் இருந்ததே தெரியாது. கல்லையும், கல்லில் எஞ்சிய ஒரு விகுதியையும் பொறுமையோடு படித்தவர்களுக்கே அவர் கிடைத்தார். பட்டியலில் இல்லாதவர்களையும் தேடுவதுதான் வரலாற்று மாணவரின் வேலை என்பதை நான் கற்றது இந்த அரசியிடமிருந்துதான்.