மெரீனாவின் மணல்

சென்னை மாநகருக்குச் செல்வோர் மெரீனாக் கடற்கரையைக் காணாது திரும்புவது அரிது. தல யாத்திரைக்கும் கல்விக்குமாக இலங்கையினின்றும் சென்றோர் பலர், மாலை வேளையில் அம்மணற் பரப்பிலே அமர்ந்து சுண்டல் தின்றபடி கடற்காற்று வாங்கியிருப்பர். வீதியோரத்திலிருந்து அலையை அடையச் சில இடங்களில் 300 மீற்றருக்கு மேல் மணலில் நடக்க வேண்டும்.

இத்துணை மணலும் ஆதியில் அங்கிருந்ததா? இல்லை. கடற்கரை வீதியில் ‘ஐஸ்ஹவுஸ்’ என்னும் பழைய கட்டடம் இதற்குச் சாட்சி. அமெரிக்காவினின்றும் கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842 ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது அது. 1897 ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். கரையிறக்கிய பனிக்கட்டி உருகுமுன் உள்ளே சேர்வதற்காகக் கடலருகே எழுப்பிய அக்கட்டடத்திலிருந்து, கடல் இன்று வெகுதூரம் விலகி நிற்கின்றது.

இம்மாற்றத்திற்குக் காரணம் காற்றும் துறைமுகமுமாம். அலைகள் கரையை நேராக அன்றிச் சாய்வாக வந்து மோதுகின்றன. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளி, இறங்கும்போது நேரே இழுப்பதால், ஒவ்வொரு மணலும் கரையோரமாகச் சிறிது சிறிதாக நகர்கின்றது. யாழ்ப்பாணத்து மீனவர் சோளகம் எனக் கூறும் தென்மேல் பருவக்காற்று அதனை வடக்கே செலுத்துகின்றது. வாடைக்காற்று தெற்கே திருப்புகின்றது. ஆண்டு முடிவிற் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே மிகுதி.

1870களின் நடுப்பகுதியில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. 1881 ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தபோதிலும், அலைதடுப்புச் சுவர்கள் மீண்டும் எழுந்தன. கடலினுள் நீண்ட அச்சுவர்கள் வடதிசை செல்லும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. 1884 ஆம் ஆண்டில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கு உலாவும் பாதை ஒன்றை அமைத்து, சிசிலித் தீவின் நினைவாக ‘மெரீனா’ எனப் பெயரிட்டார்.

ஆயின், தெற்கே தங்கிய மணல் வடக்கே சேரவேண்டிய மணலன்றோ? துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம் முதலிய இடங்களில் அலைகள் மணலைக் கொண்டுசென்றன. ஈடு செய்யப் புதுமணல் வரவில்லை. கடல் நிலத்தை அரித்தது. வள்ளங்களை இழுத்துவைக்கவும் வலைகளை உலர்த்தவும் மீனவர்க்கிருந்த கரை சுருங்கியது, குடியிருப்புகளும் அழிவுக்குள்ளாயின. கருங்கற்களைக் குவித்துக் கடலைத் தடுக்க வேண்டியதாயிற்று. கல்லணை அவ்விடத்து நிலத்தைக் காக்குமேயன்றி, இழந்த மணலை மீட்டுத் தராது.

மெரீனாவிற்குச் செல்வோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. மணல் மென்மையாயினும் கடல் அங்கு மென்மையானதன்று. அலைகள் கரையிற் கொட்டிய நீர், ஒடுங்கிய நீரோட்டமாய்த் திரும்பும்போது நீந்தத் தெரிந்தாரையும் இழுத்துச் செல்லும். அவ்வாறு அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைப்படைதல் தவறு. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தினின்றும் விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும். அங்கு நீராட இறங்காதிருத்தலே அதனினும் நன்று. காற்று வாங்கவும், பிள்ளைகள் ஓடியாடவும் மணற்பரப்பே போதுமானது.