மரவட்டையும் மண்வளமும்

உரத் தொழிற்சாலையில் உற்பத்தியாகும் ஒவ்வொரு மூட்டையும் தேசிய வருமானக் கணக்கில் இடம் பெறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில், உதிர்ந்த இலைகளின் அடியில் கூலியின்றி எரு தயாரிக்கும் மரவட்டைக்கு அக்கணக்கில் இடமில்லை. கணக்கில் வராத பொருள் அழியும்போது அந்த இழப்பும் கணக்கில் வருவதில்லை.

பூரான் என்று கருதப்படுவதால் மரவட்டை பல இடங்களில் வீணே அடிபட்டுச் சாகிறது. பூரான் இரை பிடித்துண்ணும் பிராணி. அதற்கு நச்சுக் கொடுக்கு உண்டு. உடற்கண்டம் ஒன்றுக்கு ஓர் இணைக் கால்களே உள்ளன. மரவட்டைக்கோ பெரும்பாலான கண்டங்களில் இரண்டு இணைக் கால்கள். அது கடிப்பதில்லை, மட்கும் தழையே அதன் உணவு. 'ஆயிரங்கால்' என்ற பெயர் நெடுங்காலம் வெறும் மிகையாகவே இருந்தது. 2021-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து விவரிக்கப்பட்ட நிலத்தடி இனம் ஒன்றில்தான் 1,306 கால்கள் எண்ணப்பட்டன.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரு மரவட்டை 30 செ.மீ.க்கும் அதிகமாக வளரும். நமது மலைகளின் சிறப்பு வேறு. தொட்டவுடன் நெல்லிக்காய்போல் உருண்டு கொள்ளும் பெரிய உருண்டை மரவட்டை இங்கு வாழ்கிறது. 'ஆர்த்ரோஸ்ஃபேரா' என்னும் இப்பேரினம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுகிறது. நீண்ட உடல் கொண்ட மரவட்டைகள் பல, தோலில் பழுப்புக் கறை படியச் செய்யும் காரமான திரவத்தைச் சுரந்து தம்மைக் காத்துக் கொள்கின்றன. அது கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாகும். உருண்டை மரவட்டைக்கு அச்சுரப்பிகள் இல்லை. உறுதியான ஓடே அதன் அரண். இணை சேரும் காலத்தில் ஆண் தன் பின்புற உறுப்புகளை உரசி ஒலி எழுப்புகிறது. சுருண்டு கிடக்கும் பெண்ணை விரியச் செய்வதே இதன் நோக்கம் எனக் கருதப்படுகிறது.

மரவட்டையின் மூச்சுத் துளைகளை இறுக மூட இயலாது. ஆதலால் வறண்ட காற்றில் அதன் உடல் ஈரம் விரைவில் வெளியேறிவிடும். தென்மேற்குப் பருவமழையோடு அது மேலே வருவதும், கோடையில் மண்ணுக்குள் ஒதுங்குவதும் இதனால்தான். அதன் உணவு முறையும் சிக்கனமானது. காய்ந்த இலை எளிதில் செரிப்பதில்லை. தின்று கழித்த எச்சத்தில் நுண்ணுயிர்கள் பெருகிய பின், அதனையே மீண்டும் உண்டு எஞ்சிய சத்தைப் பெறுகிறது. ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து வீணாகாதவாறு, உரித்த தோலையும் தின்றுவிடும்!

மங்களூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோட்டக் கழிவுகளை இம்மரவட்டைகளுக்கு இட்டு உரமாக்கும் முறையைப் பரிசோதித்துள்ளனர். உதிர்ந்த இலைகள் எச்ச உருண்டைகளாக மாறும்போது கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் குறைகிறது. அதாவது, பயிர் எளிதில் ஏற்கும் நிலைக்கு எரு வந்து சேர்கிறது. மண்புழு உரத்திற்கு நாம் அளித்துள்ள கவனத்தில் ஒரு சிறு பங்கேனும் இம்முறைக்குக் கிடைத்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எனினும் இதனைத் தொழிற்சாலை உரத்திற்கு மாற்றாகக் கருதுவதற்கில்லை. மரவட்டை மெதுவாக வளர்வது. பருவமழைக் காலத்தில் மட்டுமே மும்முரமாக இயங்குவது. தொலைவு செல்ல இயலாதது. ஒரு தோட்டத்தில் அற்றுப் போனால் அடுத்த குன்றிலிருந்து அது எளிதில் வந்து சேராது. கோடையில் சருகைக் கூட்டித் தீயிடும் விவசாயி, மூடாக்கை மட்டுமன்றி மேல்மண்ணில் ஒதுங்கிக் கிடக்கும் மரவட்டைகளையும் சேர்த்தே எரிக்கிறார். பாக்குத் தோட்டமாயினும் முந்திரித் தோட்டமாயினும், மரத்தடியில் ஒரு பகுதிச் சருகையேனும் மழை தொடங்கும் வரை எரிக்காமல் விட்டு வைக்கலாம். இதற்குக் கடனோ மானியமோ தேவைப்படாது.