மருந்து இருக்கிறது, கண்ணில் நிற்கவில்லை

கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் கீறினால், அந்தக் கீறல் வழியே ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகள் கருவிழிக்குள் இறங்கிவிடும். தென்னிந்திய விவசாயக் கூலிகளின் பார்வையைப் பறிக்கும் நோய் இது. இதற்குக் கைகண்ட மருந்து நேட்டமைசின். மதுரை உள்ளிட்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, பிந்தைய வரவான வோரிகோனசோலைவிட இந்தப் பழைய மருந்தே மேல் என்று காட்டியது. ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது, கருவிழிக்குள் எளிதில் ஊடுருவாது. ஊற்றிய சில நிமிடங்களிலேயே கண்ணீர் அதைக் கழுவிவிடும். அதனால்தான் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு விடச் சொல்கிறார்கள். ஆக, இங்கே தேவைப்படுவது இன்னொரு மருந்து அல்ல, இருக்கும் மருந்தைப் பிடித்து நிறுத்தும் வழிதான்.

அந்த வழியைத் தருபவை பாலிசாக்கரைடுகள் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் அவற்றுள் ஒன்று. அதைப் புளிப்புக் கரைசலில் கரைத்து, டிரைபாலிபாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால், தெளிந்த நீர் லேசாக வெளிறும். அந்த மங்கல்தான் நானோ துகள்கள் உருவானதற்கு அடையாளம். நேர்மின்னூட்டம் கொண்ட அந்தத் துகள்கள், எதிர்மின்னூட்டம் கொண்ட கண்ணின் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. கைட்டோசான் துகள்களில் ஏற்றிய நேட்டமைசின் முயல் கண்ணில் கூடுதல் நேரம் தங்கியது. நோயைக் கண்டறிவதிலும் சர்க்கரைக்குப் பங்குண்டு. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் உதிர்க்கும் உறைச் சர்க்கரையை, தங்க நானோ துகள் பூசிய சோதனைப் பட்டை சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. கண் பூஞ்சைக்கும் அப்படியொரு பட்டை வந்தால், புண் இன்னதென்று தெரியாமல் ஸ்டீராய்டு சொட்டு விட்டு நோயை முற்றவைக்கும் தவறு குறையும்.

இயற்கைப் பொருள் என்பதாலேயே தீங்கில்லை என்றாகிவிடாது என்பார்கள், சரிதான். கைட்டோசானின் நேர்மின்னூட்டம் பூஞ்சையின் சவ்வைக் குலைக்கும்; அளவு மிஞ்சினால் அதே மின்னூட்டம் நம் செல்லையும் குலைக்கும். ஓட்டுக்கு ஓடு சங்கிலியின் நீளம் மாறும். ஒவ்வாமை தரும் இறால் புரதமும் எஞ்சக்கூடும். ஆனால் இவை தரக்கட்டுப்பாட்டால் தீரக்கூடிய சிக்கல்கள். இரத்தப்போக்கை நிறுத்தும் கைட்டோசான் கட்டுத்துணிகள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. முயலுக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்குமா என்ற கேள்விதான் கனமானது. புதிய துகள்களை அடுக்கிக்கொண்டே போவதால் அதற்கு விடை கிடைக்காது. மணிக்கொரு சொட்டுக்குப் பதில் நாளுக்கு நாலைந்து சொட்டு போதுமா என்று நோயாளிகளிடமே ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்குத்தான் இனி பணம் ஒதுக்க வேண்டும்.