உங்கள் பெயரில் ஓடும் டிவி பாக்ஸ்

அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிக்குப் புதிதாகக் குடிபோகும் நம் பிள்ளைகள் பலர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சிக்கல் இது. போனும் லேப்டாப்பும் வளாக வைஃபையில் சேர்ந்துவிடும். டிவியில் செருகிய ஸ்டிக் மட்டும் சேராது.

ஸ்டிக்கில் கோளாறு இல்லை. எஜுரோம் போன்ற வளாக வைஃபை ஒவ்வொருவரிடமும் அவரவர் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் கேட்கும். ஃபயர் டிவி, ரோக்கு, குரோம்காஸ்ட் எல்லாம் வீட்டு வைஃபைக்காகச் செய்யப்பட்டவை. பாஸ்வேர்டு போட இடம் இருக்கும், யூசர்நேம் போட இருக்காது. அதனால் பல பல்கலைக்கழகங்கள் இவற்றுக்கென்று தனி நெட்வொர்க் வைத்திருக்கின்றன. கருவியின் அடையாளக் குறியான மேக் அட்ரஸை உங்கள் மாணவர் கணக்கில் பதிந்தால் அதில் சேரலாம்.

ஃபயர் டிவியில் செட்டிங்ஸ், மை ஃபயர் டிவி, அபவுட், நெட்வொர்க் என்று போனால் அந்த முகவரி கிடைக்கும். ரோக்குவில் செட்டிங்ஸ், நெட்வொர்க், அபவுட். இரண்டிரண்டாக 12 குறிகள். 8-ஐயும் ‘பி’யையும் மாற்றி அடித்தால் பதிவு வேலை செய்யாது. ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து இதில் வரவே வராது, அப்படித் தெரிந்தால் அது பூஜ்யம்தான்.

பதிந்த பிறகும் போனிலிருந்து காஸ்ட் செய்ய முடியாமல் போகலாம். ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான அறைகள் இருக்கும்போது, உங்கள் டிவி அடுத்த அறைக்காரரின் போனிலும் தெரிந்தால் அவர் அதில் எதை வேண்டுமானாலும் ஓடவிடலாம். அதைத் தடுக்கவே கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி வைத்திருப்பார்கள். ரிமோட்டால் நேரடியாக இயக்குங்கள், அல்லது லேப்டாப்பிலிருந்து ஓர் எச்டிஎம்ஐ கேபிள் போதும்.

இந்த அலைச்சல் வேண்டாமென்று சொந்த ரௌட்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான விடுதிகளில் அது விதிமீறல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், ஒருவர் மாட்டும் ரௌட்டர் அந்த மாடி முழுவதன் வைஃபையையும் மந்தமாக்கிவிடலாம். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மொபைல் டேட்டாவின் ஹாட்ஸ்பாட்டை யாரும் வேண்டுமென்றே முடக்கச் சட்டத்தில் இடமில்லை. 2014-இல் மாரியட் ஓட்டல் நிறுவனம் அப்படி முடக்கியதற்காக, அமெரிக்க மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் 6 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ‘எல்லாத் தமிழ்ச் சேனலும் இலவசம்’ என்று விற்கப்படும், பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் புலம்பெயர்ந்த வீடுகளில் சகஜம். சித்தப்பா வீட்டிலிருந்து ஒன்று விடுதி அறைக்கும் வந்துசேரும். இத்தகைய பாக்ஸ்கள் சிலவற்றில், விற்பனைக்கு வரும்போதே தீங்கு மென்பொருள் இருக்கிறது என்று 2025 ஜூனில் எஃப்பிஐ எச்சரித்தது. இப்படிப் பாதிக்கப்பட்ட கருவிகளின் வலையமைப்புக்கு பேட்பாக்ஸ் 2.0 என்று பெயர். அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகச் சொல்லி அடுத்த மாதமே கூகுள் வழக்குத் தொடுத்தது. இந்தப் பெட்டி வழியாக முன்பின் தெரியாதவர்கள் உங்கள் இணைய இணைப்பைத் தங்கள் முகமூடியாக்கிக்கொள்வார்கள். கூகுள் பிளே புரொடெக்டை அணைக்கச் சொன்னால், கட்டணச் சேவைகளை இலவசமாகத் தந்தால், சந்தேகப்படுங்கள்.

வளாகத்தில் அந்தப் பெட்டியின் மேக் அட்ரஸ் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. பெட்டி வழியாக நடக்கும் தவறுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ‘உன் பேர்ல போட்டுடு மச்சான்’ என்று அறைத்தோழர் தன் கருவிக்காகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பாஸ்வேர்டைக் கொடுப்பது அதைவிட மோசம். பல இடங்களில் மின்னஞ்சல், மதிப்பெண், கட்டணம், பகுதிநேர வேலைச் சம்பளம் எல்லாமே அந்த ஒரே பாஸ்வேர்டில்தான் திறக்கும்.

திருட்டுப் படமும் இப்படிப் பதிவான பெயரால்தான் பிடிபடுகிறது. டொரென்ட் வகைச் செயலிகள் படத்தை இறக்கும்போதே பிறருக்கு ஏற்றியும் கொடுக்கும். உரிமையாளரின் புகார் ஐபி முகவரியோடு பல்கலைக்கழகத்துக்கு வரும், அங்கிருந்து உங்களுக்கு வரும். வழக்கானால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, தெரிந்தே செய்திருந்தால் 1,50,000 வரை இழப்பீடு விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் ஒழுங்கு நடவடிக்கையில் இடைநீக்கம் செய்யப்பட்டால் விசா நிலைக்கே ஆபத்து.

அப்படிப் புகார்க் கடிதம் வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். புகாருக்குக் காரணம் பாக்ஸ் என்றால் அதைக் கழற்றி வையுங்கள், எறிந்துவிடாதீர்கள், அது உங்கள் ஆதாரம். உங்களைப் பற்றிப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைப் பார்க்க 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் உரிமை தருகிறது. கேட்ட 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். பாக்ஸைப் பற்றி எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3-யிலும் புகார் பதியலாம். அறையைக் காலி செய்யும் நாளில் ஸ்டிக்கை ஃபேக்டரி ரீசெட் செய்து, பதிவையும் நீக்குங்கள்.

பிள்ளைக்குப் பெட்டி கட்டும் பெற்றோருக்கும் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பெயரில்லா பாக்ஸை மட்டும் தயவுசெய்து கொடுத்தனுப்பாதீர்கள்.