பெரிய சக்கரம் மட்டும் போதுமா? சைக்கிள் டயருக்குள் இருக்கும் அறிவியல்

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்குப் போனால், சாலையோரக் கம்பிகளில் பூட்டி நிறுத்தியிருக்கும் சைக்கிள்களைச் சற்றுக் குனிந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 37-622, 25-622, 47-406 என்பதுபோல் சில எண்கள் புடைப்பாக இருக்கும். பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுபவர்களில் பலர்கூட அவற்றைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால், பயணம் சுகமாக இருக்குமா, கை வலிக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை அந்த எண்களே.

நானும் அவற்றைப் படிக்கத் தொடங்கியது என் அப்பாவால்தான். அவருக்கு வயது 67. “பெரிய சக்கரம்னா குலுங்காது” என்று சொல்லி, பணி ஓய்வுக்குப் பிறகு 28 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிள் ஒன்றை வாங்கினார். தினமும் காலையில் காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டுவார். இரண்டு மாதத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதாகச் சொன்னார். அந்த இரு விரல்களுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் ஓரமாகச் செல்கிறது. கைப்பிடியின் அழுத்தமும் அதிர்வும் அதைத்தான் முதலில் தாக்கும். “வயசாயிடுச்சுப்பா, வித்துடலாம்” என்றார். விற்பதற்கு முன் டயரைப் பார்த்தேன். 25-622 என்றிருந்தது. காற்றழுத்தம் 110 பிஎஸ்ஐ. கல்லைப்போல் இறுகியிருந்தது.

சக்கரம் பெரியதுதான். பிறகு ஏன் குலுங்கியது?

சக்கரம் செய்யும் வேலை

பெரிய சக்கரம் மேட்டில் எளிதாக ஏறும் என்பது உண்மை. பாதையில் 20 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு விளிம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சைக்கிளை நிறுத்தி, சக்கரம் அந்த விளிம்பைத் தொடும்படி வைத்து, அச்சைக் கிடையாகத் தள்ளி ஏற்ற முயலுங்கள். 28 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 349 மில்லிமீட்டர். அதை ஏற்ற, அந்தச் சக்கரம் தாங்கும் எடையில் சுமார் 35 விழுக்காட்டு விசை போதும். எம்ஆர்டியில் கொண்டுபோகும் 16 அங்குல மடக்குச் சைக்கிளின் சக்கர ஆரம் சுமார் 211 மில்லிமீட்டர். அதற்குக் கிட்டத்தட்ட 47 விழுக்காடு தேவை. பெரிய சக்கரம் விளிம்பைச் சற்று முன்கூட்டியே தொடுகிறது. அதே உயரத்தைச் சாய்வாக ஏறுகிறது.

ஆனால், ஏறினாலும் அந்த 20 மில்லிமீட்டரையும் ஏறித்தானே ஆக வேண்டும்? கடினமான சக்கரம் அந்த அசைவை அப்படியே உங்கள் கைக்கும் முதுகுக்கும் அனுப்பிவிடும். லிட்டில் இந்தியாவிலுள்ள பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகியவற்றின் பெயர்களே அங்கு ஒருகாலத்தில் நடந்த மாட்டு வணிகத்தைச் சொல்கின்றன. ‘கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமை. மாட்டு வண்டிக்குப் பெரிய சக்கரந்தான். ஆனால் அதைச் சுற்றி இரும்புப் பட்டை. உருளும், கூடவே உடம்பையும் உலுக்கும். ஐரோப்பாவில் 1860களில் வந்த, இரும்புப் பட்டை போட்ட மிதிவண்டியை ‘எலும்பு உலுக்கி’ என்றே அழைத்தார்கள்.

காற்று செய்யும் வேலை

ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அது அப்போது எடுபடவில்லை. 1888ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மீண்டும் உருவாக்கினார். அதே 1888ல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் பூமலையின் பொறுப்பை ஏற்றார். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877ல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளின் வழிவந்த மரங்களில், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை அவர் உருவாக்கினார். டயருக்கான தேவையும் ரப்பர் மரமும் இப்படிச் சந்தித்தன. அந்தச் சந்திப்புதான் மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர்களை ஆயிரமாயிரமாய்க் கொண்டுவந்தது. நம்மில் பலரின் குடும்பக் கதையில் டயருக்கும் ஓர் இடம் உண்டு.

காற்றடைத்த டயர் உங்கள் எடையை எப்படித் தாங்குகிறது? அழுத்தத்தைத் தொடுபரப்பால் பெருக்கினால் ஏறக்குறைய எடை கிடைக்கும். 70 கிலோ மனிதரும் 14 கிலோ சைக்கிளும் சேர்ந்தால் 84 கிலோ. அதில் சுமார் 50 கிலோ பின்சக்கரத்தில் இறங்கும். 100 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. அப்படியானால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. 60 பிஎஸ்ஐயில் அது 12 சதுர சென்டிமீட்டர் ஆகும். டயர் கூடுதலாக அமுங்கும். அந்த அமுக்கமே சுகம்.

அப்படியென்றால் மெல்லிய டயரிலும் காற்றைக் குறைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கூடாது. 25 மில்லிமீட்டர் டயர் கொஞ்சம் அதிகமாக அமுங்கினாலே ரிம் தரையில் இடிக்கும். ட்யூப் இரண்டுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளைகள் விழும். டயர் தன் உயரத்தில் சுமார் 15 விழுக்காடு அமுங்கினால் நல்லது என்பது சைக்கிள் ஓட்டிகளிடையே பரவலாக உள்ள கணக்கு. 25 மில்லிமீட்டர் டயரில் அது 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. 38 மில்லிமீட்டர் டயரில் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். அதற்கு மேலும் அடி வாங்க இடம் மீதியிருக்கும்.

ஆகவே, சுகத்துக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும்: அகலமான டயர், அதற்கேற்ற குறைந்த காற்று. அகலமான டயரை வாங்கி, பழைய வழக்கப்படி 100 பிஎஸ்ஐ அடித்தால் பலனில்லை. அது ஆபத்தும்கூட. ஒரே அழுத்தத்தில் டயர் அகலமாக ஆக, அதன் சுவரை இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும்.

அகலமானால் மெதுவாகுமா?

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டயர் உருளும்போது அதன் சுவர் வளைந்து நிமிர்கிறது. அதில் ஆற்றல் வீணாகிறது. ஒரே வகை டயர், ஒரே அழுத்தம் என்றால், தொடுபரப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அகலமான டயரில் அது குட்டையாகவும் அகலமாகவும், மெல்லிய டயரில் நீளமாகவும் இருக்கும். நீளமாக இருந்தால் சுவர் அதிகம் வளையும். எனவே மெல்லிய டயருக்கே இழப்பு அதிகம். அகல டயரில் காற்றைக் குறைக்கும்போது இந்தச் சாதகம் கொஞ்சம் கரையும். ஆனால், கரடான பாதையில் உடல் குலுங்குவதால் வீணாகும் ஆற்றல் மிச்சமாகும். பந்தய வீரர்களே 23 மில்லிமீட்டரிலிருந்து 25க்கும் 28க்கும் மாறிவிட்டார்கள்.

மெல்லிய டயரின் உண்மையான ஆதாயம் எடைக்குறைவும், அதிவேகத்தில் காற்றைக் கிழிப்பதும்தான். இங்கு நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர் என்பதே வேக வரம்பு. அந்த வேகத்தில் அந்த ஆதாயம் நமக்கு எட்டாது.

எண்ணைப் படிப்பது எப்படி?

38-622 என்பதில் முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண், டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். முதல் எண்ணை மாற்றலாம். இரண்டாவது எண்ணை மாற்றவே கூடாது.

அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். நான் ஏமாந்தது அங்கேதான். அப்பாவின் சைக்கிளுக்கு ‘28 அங்குலம்’ என்று கேட்டு வாங்கி வந்த டயர் ரிம்மில் தொளதொளவென்று தொங்கியது. அது 40-635. ஊரில் தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிளுக்குப் போடும் அளவு. அதுவும் 28 அங்குலம், 622ம் 28 அங்குலம். இதே 622ஐ மலைச் சைக்கிளில் 29 அங்குலம் என்பார்கள். பழைய 27 அங்குல ரிம்மின் விட்டமோ 630. அதாவது 28ஐவிடப் பெரியது! மில்லிமீட்டர் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எவ்வளவு அகலம் போடலாம் என்பதை உங்கள் சைக்கிளே சொல்லும்:

• டயருக்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும், மேலேயும் குறைந்தது 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மட்கார்டு இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

• ரிம்மின் உள் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை டயர் இருப்பது பாதுகாப்பானது. 19 மில்லிமீட்டர் ரிம்முக்கு 28 முதல் 38 வரை பொருந்தும்.

• ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், அதன் கைகளுக்கு நடுவே புது டயர் நுழையுமா என்று பாருங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காபோன்ற வழவழப்பான பாதைக்கு 28 முதல் 32 போதும். பார்வையற்றோருக்கான புடைப்புக் கற்கள், நடைபாதை விளிம்புகள், வடிகால் மூடிகள் எல்லாம் கலந்த பேட்டை வழிகளுக்கு 35 முதல் 40 வரை சரி. பழைய மலாயா ரயில் ஓடிய 24 கிலோமீட்டர் தடத்தில் சரளைக் கற்கள்மீது ஓட்டுபவர்கள், சட்டத்திலும் ரிம்மிலும் இடமிருந்தால், 40க்கு மேலும் போகலாம்.

70 கிலோ எடையுள்ளவர் பின்சக்கரத்துக்கு 32 மில்லிமீட்டரில் 65, 38ல் 50, 47ல் 40 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். முன்சக்கரத்துக்கு அதைவிட ஒரு பத்து விழுக்காடு குறைவாக. பிறகு எடைக்கேற்பக் கூட்டிக் குறையுங்கள். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட வரம்பைத் தாண்டாதீர்கள். வெயிலில் நிறுத்தினால் அழுத்தம் கூடும். 28 டிகிரியில் 58 பிஎஸ்ஐ இருந்த டயர் 50 டிகிரிக்குச் சூடானால் சுமார் 63 ஆகும். ட்யூப்பிலிருந்து காற்று மெல்லக் கசியும் என்பதால் வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இன்னொன்று: டயர் மாறினால் வேகமானியையும் திருத்துங்கள். 25லிருந்து 38க்கு மாறினால் சக்கரச் சுற்றளவு 2,111லிருந்து 2,193 மில்லிமீட்டர் ஆகிறது. வேகமானி 25 காட்டும்போது நீங்கள் உண்மையில் 26ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

டயரை ஈரத்துணியால் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தடவுங்கள். சக்கரத்தைத் தூக்கி ஒரு கட்டத்தாள்மீது நேராக இறக்கி, ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெதுவாக இருக்கையில் அமரட்டும். பிறகு அவர் இறங்கியதும் சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள். தாளில் பதிந்த கட்டங்களை எண்ணினால் தொடுபரப்பு கிடைக்கும். அதை அழுத்தத்தால் பெருக்கினால், அந்தச் சக்கரம் தாங்கும் எடை ஏறக்குறைய வந்துவிடும். காற்றைக் குறைத்து மறுபடியும் செய்யுங்கள். தடம் வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்பாவின் சைக்கிளில் இப்போது 38-622 ஓடுகிறது, பின்னால் 50, முன்னால் 45 பிஎஸ்ஐ. கைப்பிடியையும் கொஞ்சம் உயர்த்தினோம். விரல் மரப்பு படிப்படியாகக் குறைந்தது. குறையாவிட்டால் மருத்துவரிடம் போவது என்று முடிவு செய்திருந்தோம்; உங்களுக்கும் அதையே சொல்வேன். சைக்கிளை விற்கும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் நின்று, “பம்பு எங்கேப்பா? அளந்து பாக்கணும்” என்கிறார்.