முறை என்னும் சொல்: கம்பம் பள்ளத்தாக்கின் நீரும் மனநலமும்

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழில் அரிதன்று. ஆயின் அப்பொருள்கள் தம்முள் எவ்வாறு தொடர்புற்றன என ஆராய்வார் சிலரே. 'முறை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வரிசையும் முறை, நீதியும் முறை, உறவும் முறை. வயலுக்கு நீர் பாயும் தவணையையும் உழவர் முறை என்பர். தம் துயரைப் பிறரிடம் எடுத்துரைத்தலை முறையிடுதல் என்கிறோம். இப்பொருள்கள் யாவும் ஓரிடத்தே வாழ்வோடு பிணைந்து நிற்றலைத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிற் காணலாம். நீரைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கிற்கும் மக்களின் மனநலத்திற்கும் உள்ள தொடர்பை இச்சொல்லின்வழி விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மேற்கே ஓடி அரபிக்கடலிற் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பியது முல்லைப் பெரியாற்று அணை. திருவிதாங்கூர் மன்னர்க்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை எழுந்தது. சான் பென்னிகுயிக்கு என்னும் பொறியாளரின் பொறுப்பில் 1887-இல் தொடங்கிய பணி 1895-இல் முற்றுப்பெற்றது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கவழியே லோயர்கேம்ப்பில் இறங்கும் நீர், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதிகளை வளப்படுத்தி வையையைச் சேர்கின்றது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இந்நீரால் இருபோக நெல் விளையும் வயலாயிற்று. சூன் முதல் நாளில் முதற்போகத்திற்கு நீர் திறத்தல் வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போகும். அப்போது வயலோடு உழவர் நெஞ்சமும் வாடும்.

அணையில் நீர் இருந்தால் மட்டும் வயல் நனைந்துவிடாது. தலைமடையில் உள்ளவன் மிகையாகக் கொண்டால் கடைமடையில் உள்ளவன் நிலம் காயும். இதனைத் தவிர்க்கவே நம் முன்னோர் முறைப்பாசனத்தை வகுத்தனர். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் எனத் தமிழகத்தில் இடந்தோறும் வெவ்வேறு பெயர் பெற்ற ஊர்ப்பணியாளர், மடையைத் திறந்தும் அடைத்தும் அளவு காத்தனர். அவர்க்கு ஊரார் விளைவிலிருந்து கூலி அளந்தனர். வாய்க்காலைத் தூர்வாருதல் குடிமராமத்து என்னும் பொதுக் கடமையாய் இருந்தது.

இவ்வேற்பாட்டின் பயன் நெல்லோடு முடிவதன்று. தன் முறை எந்நாள் வரும் என அறிந்தவன் இரவில் உறங்குவான். நீர் குறைந்தால் அனைவர்க்கும் குறையும் என அறிந்தவன் அயலானை ஐயுறான். பூசல் எழுந்தால் முறையிட ஓர் அவை உண்டு என அறிந்தவன் தன் சினத்தைத் தன்னுள் வைத்துப் புழுங்கான். ஆகவே, நீர்முறை என்பது மனக்கலக்கத்தைத் தணிக்கும் ஒரு சமூக ஏற்பாடாகவும் விளங்கிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மொழியும் இதற்குத் துணைநிற்கின்றது. நீரும் கலங்கும், மனமும் கலங்கும். இரண்டும் தெளியும். ஈரம் என்பது நிலத்தின் நனைவையும் நெஞ்சின் அன்பையும் குறிக்கும். திருவள்ளுவர் இனியவை கூறல் அதிகாரத்தில் அச்சொல்லை அன்பென்னும் பொருளிலேயே ஆண்டுள்ளார். சொல்லொற்றுமை மட்டுமே சான்றாகிவிடாது என்பது உண்மை. எனினும், நீரின் நிலையைக் கொண்டே மனத்தின் நிலையைப் பேசிய ஒரு சமுதாயம் இரண்டையும் ஒருங்குவைத்து எண்ணியது எனக் கருதுதற்கு இடமுண்டு.

முறை குலைந்தவிடத்து நேர்வது யாது? 1979-க்குப் பின் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2014-இலும் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட 2011 திசம்பரில் வழக்கு தெருவிற்கு வந்தது. பள்ளத்தாக்கின் மக்கள் பல்லாயிரவர் எல்லை நோக்கி நடந்தனர். நாள்தோறும் மலையேறி ஏலத்தோட்டங்களில் உழைத்த பெண்கள் அஞ்சி வீட்டிலிருந்தனர். மலைக்கு அப்பால் இடுக்கி மக்களுக்கு அணை உடையுமோ என்னும் அச்சம். இப்பால் நம் உழவர்க்கு நீர் நின்றுவிடுமோ என்னும் அச்சம். இரண்டும் மெய்யான அச்சங்களே. இருசாராரும் ஒருங்கமர்ந்து முறையிட ஊர்நிலையில் ஓர் அவை இல்லாமையால், அச்சம் பகையாக மாறிற்று.

இதனினும் ஓசையின்றி நிகழ்ந்த மாற்றம் ஒன்றுண்டு. அஃது ஆழ்துளைக் கிணறு. வாய்க்கால் ஊரார்க்குப் பொது. ஆழ்துளைக் கிணறோ ஒருவனுக்கு உரியது. அது வற்றினால் இழப்பும் அவனுக்கே. அதற்குப் பட்ட கடனும் அவனுக்கே. வாய்க்கால் வறண்ட ஆண்டில் ஊர் கூடி வருந்தும். கிணறு வறண்ட வீட்டின் வருத்தத்தை அடுத்த வீடும் அறியாது. நாணத்தால் அவன் வாய் திறவான். முறையிட ஆளில்லாத் துயரே உயிர்க்கு ஊறு செய்யும் துயராகின்றது.

மனநல மருத்துவமும் இன்று ஊரை நாடி வந்துள்ளது. இந்திய அரசு 1982-இல் தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. கருநாடகத்துப் பெல்லாரியில் நிகழ்ந்த முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. மனநோயாளரை ஊரினின்று பிரித்து வைத்ததன் கொடுமையை 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டோர் 28 பேர் தீயில் மாண்ட நிகழ்ச்சி நாடறியக் காட்டிற்று.

ஊரே காவலாதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. வீராண ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயில் பகுதியில், மருத்துவர் இலட்சுமி விசயகுமாரும் அவர்தம் குழுவினரும் இரண்டு சிற்றூர்களில் ஒரு முயற்சி மேற்கொண்டனர். உழவர் தம் பூச்சிமருந்தை வீட்டில் வையாமல், பொதுக் கட்டடம் ஒன்றில் தத்தமக்குரிய பூட்டிட்ட பெட்டிகளில் வைத்தனர். அவ்வூர்களில் நஞ்சால் நேரும் உயிரிழப்பு குறைந்ததாக 2013-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு கூறும். மனம் கலங்கிய வேளைக்கும் நஞ்சுக்கும் இடையே சிறிது தொலைவும், சிறிது காலமும், ஒரு மனித முகமும் வந்து நின்றன. மடையைக் காத்த பழைய முறையின் தத்துவமே ஈண்டும் தொழிற்படுதலை நுணுகி நோக்குவார் அறிவர்.

கம்பம் பள்ளத்தாக்கிற்கு இதனாற் பெறப்படுவது யாது? பாசன அமைப்புகளை உழவரே மேலாண்மை செய்ய வழிகோலும் சட்டம் தமிழ்நாட்டில் 2000-இல் இயற்றப்பட்டது. 2017-இல் குடிமராமத்து என்னும் பெயரும் அரசுத் திட்டமாய் மீண்டது. உழவர் கூடும் இச்சங்கங்கள் நீரின் அளவை மட்டும் பேசிக் கலைதல் போதாது. தன் முறை வந்தும் வயலுக்கு வாராதவன் யார், கூட்டத்தில் நெடுநாள் காணப்படாதவன் யார் என முதலில் அறிவோர் வாய்க்கால் பங்காளிகளே. அவனை வீடு தேடிச் சென்று வினவுதலும், வேண்டின் மாவட்ட மனநல மருத்துவரிடம் உடன் அழைத்துச் சேர்த்தலும் அவர்களால் இயலும். மருத்துவர் செய்வதை ஊரார் செய்தல் ஒல்லாது. மருத்துவரிடம் செல்லும் வழியில் துணைநடத்தல் ஊரார்க்கே ஒல்லும்.

பென்னிகுயிக்கு பிறந்த சனவரி 15-ஆம் நாளில் பள்ளத்தாக்கின் ஊர்கள் அவர் பெயரால் பொங்கலிடுகின்றன. நீர் தந்தவரை நினைக்கும் நன்றியுணர்வு அது. அந்நாளில் ஒன்றுகூடும் மக்கள், அவ்வாண்டு நீர் எட்டாமற்போன கடைமடை வயலையும், பொங்கலுக்கு வாராமல் வீட்டிற்குள் அடைந்து கிடப்பவனையும் நினைப்பாராயின், முறை என்னும் சொல் தன் முழுப்பொருளையும் மீளப் பெறும்.